செலவானது எவ்வளவு, முடிந்தது எவ்வளவு?

ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குப் பக்கத்தில் நிலத்தடி மெட்ரோ நிலையம் கட்டுகிறார்கள். மாதவரத்திலிருந்து சிப்காட் வரை போகும் மூன்றாம் வழித்தடத்தில் அது ஒரு நிலையம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் முழுவதும் சேர்த்து 118.9 கிலோமீட்டர், 128 நிலையங்கள். 63,246 கோடி ரூபாய்க்கு 2024 அக்டோபர் 3-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இதுபோன்ற கட்டுமான வேலையில் எவ்வளவு முடிந்தது என்று தெரிந்துகொள்ள நம் ஊரில் ஒரு பழைய வழி உண்டு. எஞ்சினியர் நேரில் போய் டேப் பிடித்து அளப்பார். தோண்டிய மண் இத்தனை கன மீட்டர், போட்ட கான்கிரீட் இத்தனை என்று 'எம்-புக்' எனப்படும் அளவுப் புத்தகத்தில் எழுதுவார். மேலதிகாரி சரிபார்த்த பிறகே பில். பொதுப்பணித் துறையில் பல தலைமுறையாக ஊறிய பழக்கம் இது. காண்ட்ராக்டரின் கையை விட்டுப் போன காசு அந்தப் புத்தகத்தில் ஏறாது. எழும்பி நிற்கிற வேலை மட்டுமே ஏறும்.

அதே ராயப்பேட்டையின் ஒயிட்ஸ் சாலையிலும் பட்டுல்லாஸ் சாலையிலும் உள்ளவை போன்ற கம்பெனி அலுவலகங்களில் வேறு வகைக் கட்டுமானம் நடக்கும். கொள்முதல் மென்பொருள் அதில் ஒன்று. இண்டென்ட் போடுவது, கொட்டேஷன்களை ஒப்பிடுவது, பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்புவது, சரக்கு வந்ததும் ஸ்டோர்ஸில் ஜி.ஆர்.என். எனப்படும் வரவுச் சீட்டு போடுவது, பில்லைச் சரிபார்த்துப் பணம் கொடுப்பது என்ற சங்கிலி முழுவதையும் காகிதத்திலிருந்தும் எக்செலிலிருந்தும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் வேலை. இங்கே டேப் பிடிக்க எதுவும் இல்லை. "எண்பது சதவீதம் முடிஞ்சிடுச்சு சார்" என்று மென்பொருள் நிறுவனத்து ஆள் சொல்வார். அடுத்த மாதமும் எண்பது. அதற்கடுத்த மாதம் எண்பத்தைந்து. பட்ஜெட் தீர்ந்த பிறகும் மீதிப் பதினைந்து அப்படியே கிடக்கும்.

இந்த நோய்க்கு மருந்தாக மேலாண்மை வகுப்புகளில் சொல்லப்படுவது ஈட்டிய மதிப்புப் பகுப்பாய்வு. எம்-புக்கின் நேர்மையை மென்பொருளுக்கும் கொண்டுவரும் முயற்சி என்று அதைச் சொல்லலாம். முயற்சி எவ்வளவு தூரம் செல்லும், எங்கே இடறுகிறது என்று நிறுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

மூன்று எண்கள்

முறையின் அடிப்படை எளிது. இன்றைய தேதிக்கு எவ்வளவு ரூபாய் வேலை முடிந்திருக்க வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. அது திட்ட மதிப்பு. இன்றுவரை எவ்வளவு செலவாகியிருக்கிறது. அது உண்மைச் செலவு. உண்மையில் முடிந்த வேலைக்குத் திட்டத்தில் எவ்வளவு ரூபாய் ஒதுக்கியிருந்தோம். அது ஈட்டிய மதிப்பு. ஈட்டியதைச் செலவால் வகுத்தால் செலவுக் குறியீடு, திட்டத்தால் வகுத்தால் காலக் குறியீடு. ஒன்றுக்கு மேல் என்றால் நலம், கீழே என்றால் நோய். மொத்த பட்ஜெட்டைச் செலவுக் குறியீட்டால் வகுத்தால், இதே போக்கில் போனால் கடைசியில் என்ன செலவாகும் என்பதும் தெரிந்துவிடும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967-ல் இதைத் தன் பெரிய ஒப்பந்தக்காரர்களுக்கு 35 நிபந்தனைகளாக விதித்தது. 1998-ல் அது அமெரிக்காவின் தேசியத் தரநிலை ஆனது. போர் விமானத்துக்கும் ஏவுகணைக்கும் பிறந்த முறை பிறகு மென்பொருளுக்கும் வந்து சேர்ந்தது.

எது பலம்

முதல் பலம், செலவை முன்னேற்றம் என்று காட்டும் பழக்கத்தை உடைப்பது. நம் அலுவலகங்களில் திட்ட அறிக்கை என்றால் பெரும்பாலும் இரண்டு கட்டங்கள்தான்: பட்ஜெட் இவ்வளவு, செலவு இவ்வளவு. ஐந்தாவது மாதத்தில் ஒரு கோடி செலவாக வேண்டிய இடத்தில் தொண்ணூறு லட்சம்தான் செலவாகியிருக்கிறது என்றால் நிதி அதிகாரிக்கு மகிழ்ச்சி. வேலையும் பாதிதான் நடந்திருக்கிறது என்பது அந்த இரண்டு கட்டங்களில் எங்கும் தெரியாது. மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்ப்பதுதான் இந்த முறையின் முழுச் சாதனை. சின்ன விஷயம் போலத் தோன்றும். அது இல்லாததால் எத்தனையோ திட்டங்கள் கடைசி மாதம் வரை ஆரோக்கியமாகவே காட்சி தந்திருக்கின்றன.

இரண்டாவது, முன்கூட்டியே எச்சரிப்பது. 1990-களின் தொடக்கத்தில் டேவிட் கிறிஸ்டன்சனும் அவருடன் ஆய்ந்தவர்களும் அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தங்களை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். வேலையில் ஐந்தில் ஒரு பங்கு முடிந்ததும் செலவுக் குறியீடு ஏறக்குறைய நிலைத்துவிடும். அதற்கு மேல் அது பத்து சதவீதத்துக்கு மேல் மாறுவதில்லை. "போகப்போகச் சரியாகிடும்" என்ற வாக்குறுதிக்கு இதைவிடக் கடுமையான பதில் கிடையாது. ஆனால் 2008-ல் ஹெண்டர்சன், ஸ்விகேல் என்ற ஆய்வாளர்கள் கட்டுமான, தகவல் தொழில்நுட்பத் திட்டங்களை எடுத்துப் பார்த்தபோது, இந்த நிலைப்பு எல்லா வகைத் திட்டத்திலும் காணப்படவில்லை. ஆகவே அந்த ஐந்தில் ஒரு பங்கை விதியாகக் கொள்ள முடியாது. சந்தேகப்படத் தொடங்க வேண்டிய இடமாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, மீதி வேலையை மீதிப் பணத்தால் வகுத்துப் பார்ப்பது. இதுவரை ஒரு ரூபாய்க்கு அறுபது காசு வேலை செய்த அணி, இனி ஒரு ரூபாய்க்கு ஒன்றே முக்கால் ரூபாய் வேலை செய்தால்தான் பட்ஜெட்டுக்குள் முடியும் என்று கணக்கு சொன்னால், அங்கே பேச்சு முடிந்தது.

முன்னோக்கிப் பார்க்கும் இந்தக் கேள்விக்கு மென்பொருள் உலகில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. அமெரிக்க விமானப்படை தன் உதிரிபாகம், கிடங்கு, வழங்கல் தொடர்பான 200-க்கும் மேற்பட்ட பழைய மென்பொருள்களை ஈ.ஆர்.பி. எனப்படும் ஒரே ஒருங்கிணைந்த மென்பொருளுக்குள் கொண்டுவர 2004-ல் ஒரு திட்டம் தொடங்கியது. 2012 நவம்பரில் அதை மூடும்போது நூறு கோடி டாலருக்கு மேல் போயிருந்தது. உருப்படியான பயன் எதுவும் கைக்கு வரவில்லை. இன்னும் 110 கோடி டாலர் போட்டாலும் முதலில் நினைத்ததில் கால்வாசிதான் கிடைக்கும், அதுவும் 2020-ல்தான் என்று கணக்கு வந்தது. போனதைப் பார்க்காமல் போகப்போவதைப் பார்த்ததால்தான் மூட முடிந்தது. எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தார்கள் என்பது வேறு.

ஒரே திட்டம், மூன்று தீர்ப்பு

இனி பலவீனம். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ராயப்பேட்டையில் ஒரு நடுத்தர நிறுவனம் இரண்டு கோடி ரூபாயில், பத்து மாதத்தில், கொள்முதல் மென்பொருள் கட்டுகிறது. பத்து பகுதிகள்; ஒவ்வொன்றும் 20 லட்சம். ஐந்தாவது மாத முடிவில் ஐந்து பகுதிகள், அதாவது ஒரு கோடி மதிப்பு, முடிந்திருக்க வேண்டும். செலவு 1.10 கோடி. இரண்டு பகுதிகள் முழுதாக முடிந்து பயனாளிகள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இன்னும் ஐந்து நடந்துகொண்டிருக்கின்றன. "அஞ்சும் தொண்ணூறு சதவீதம் ரெடி" என்கிறது மென்பொருள் நிறுவனம்.

அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால், முடிந்த இரண்டுக்கு 40 லட்சம், நடக்கும் ஐந்துக்கு 18 லட்சம் வீதம் 90 லட்சம், ஈட்டியது 1.30 கோடி. செலவுக் குறியீடு 1.18. திட்டம் 1.69 கோடியிலேயே முடிந்துவிடும். மேலாளருக்குப் பாராட்டு விழா நடத்தலாம்.

தொடங்கினால் பாதி, முடித்தால் மீதிப் பாதி என்ற விதியைப் போட்டால் ஈட்டியது 90 லட்சம். குறியீடு 0.82. கடைசிச் செலவு 2.44 கோடி. கவலைக்கிடம்.

முடிந்தால்தான் மதிப்பு, இல்லையேல் பூஜ்யம் என்ற விதியைப் போட்டால் ஈட்டியது 40 லட்சம்தான். குறியீடு 0.36. இதே போக்கில் போனால் 5.5 கோடி ஆகும். திட்டத்தை நிறுத்துவதா என்று இயக்குநர் குழு கூட வேண்டும்.

அணி அதே அணி, மாதம் அதே மாதம், மென்பொருளும் அதேதான். மாறியது, 'முடிந்தது' என்பதற்கு வைத்த விதி மட்டும். குறியீட்டை இரண்டு தசமம் வரை எழுதும்போது அதற்கு ஒரு விஞ்ஞானத் தோற்றம் வந்துவிடுகிறது. உள்ளே இருப்பதோ யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொன்ன சதவீதம். எம்-புக்கில் அளப்பவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர். மென்பொருளில் பெரும்பாலும் இருவரும் ஒருவரே. முறையின் ஆகப் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

கடைசிப் பத்து சதவீதம்

கொள்முதல் மென்பொருளில் அந்தத் தொண்ணூறு சதவீதம் குறிப்பாக ஏமாற்றும். திரைகளும் அனுமதிப் படிகளும் சீக்கிரம் தயாராகிவிடும். மீதிப் பத்து சதவீதத்தில் இருப்பது தரவு. ஒரே போல்ட்டுக்கு மூன்று கிளைகளில் மூன்று ஐட்டம் கோடு இருக்கும். ஒரு கிளை கிலோவில் வாங்கும், இன்னொன்று எண்ணிக்கையில் வாங்கும். ஒரே வென்டர் நான்கு பெயர்களில் பதிவாகியிருப்பார், ஜி.எஸ்.டி. எண்ணை வைத்துத்தான் அவர் ஒருவரே என்று கண்டுபிடிக்க வேண்டும். பில்லை பர்ச்சேஸ் ஆர்டரோடும் ஜி.ஆர்.என்.னோடும் ஒப்பிடும்போது இந்தக் கோளாறுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து எழும். அந்தப் பத்து சதவீதத்துக்கு முதல் தொண்ணூறைவிட அதிக நாள் பிடிப்பது அனுபவஸ்தர்களுக்கு ஆச்சரியமில்லை.

தொழில் நடக்கும் விதமும் மென்பொருளின் வார்ப்பும் ஒத்துப்போகாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஜெர்மனியின் பல்பொருள் அங்காடி நிறுவனமான லிடில் 2011-ல் எஸ்.ஏ.பி. மென்பொருளுக்கு மாறத் தொடங்கியது. கையிருப்புச் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடுவது லிடிலின் வழக்கம்; அந்த மென்பொருளின் வார்ப்போ விற்கும் விலையை வைத்தது. லிடில் தன் வழக்கத்தை விடவில்லை. மென்பொருளை வெட்டி ஒட்டினார்கள். ஏழு ஆண்டுகளும் சுமார் 50 கோடி யூரோவும் போன பிறகு 2018-ல் கைவிட்டார்கள். எது கட்ட வேண்டிய வேலை என்பதிலேயே ஒத்த கருத்து இல்லாதபோது, அதில் எத்தனை சதவீதம் ஈட்டினோம் என்ற கணக்கு உதவாது. ஈட்டிய மதிப்பு எவ்வளவு முடிந்தது என்று சொல்லும். சரியானதைக் கட்டுகிறோமா என்று சொல்லாது.

நம் ஊரில் கூடுதலாக மூன்று சிக்கல்

முதலாவது, உண்மைச் செலவு யாருடையது என்பது. நம் நிறுவனங்கள் பெரும்பாலும் நிலையான விலைக்கு ஒப்பந்தம் போடுகின்றன: கையெழுத்திட்டதும் ஒரு பங்கு, வடிவமைப்பு முடிந்ததும் ஒரு பங்கு, மென்பொருள் பயன்பாட்டுக்கு வரும் கோ-லைவ் அன்று ஒரு பங்கு. மென்பொருள் நிறுவனத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அவர் செலவுக் கட்டத்தில் எழுதுவது கொடுத்த தவணைகளை. அதை வைத்துக் கணக்கிட்ட குறியீடு தவணை அட்டவணையைத்தான் காட்டும், வேலைத் திறனைக் காட்டாது. மறுபுறம், வாங்குபவரின் உண்மையான பெருஞ்செலவு எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. கொள்முதல் பிரிவினர் மாலை ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து ஐட்டம் கோடுகளைச் சுத்தம் செய்கிறார்கள். ஸ்டோர்ஸ்காரர் பழைய ரிஜிஸ்டரிலும் புது மென்பொருளிலும் ஒரே பதிவை இரண்டு முறை போடுகிறார். கணக்குப் பிரிவில் மூன்று பேர் பரிசோதனைக்குப் போய்விடுகிறார்கள். இவையெல்லாம் சம்பளக் கணக்கில் கரைந்துவிடும்.

இரண்டாவது, சட்டம் திட்டத்தின் அடித்தளத்தையே நகர்த்துவது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மின் விலைப்பட்டியல் கட்டாயமானது. அந்த வரம்பு படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் ஆண்டு வரை வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொன்றும் கொள்முதல் மென்பொருளில் புது வேலை. புது வேலையைத் திட்டத்தில் சேர்ப்பது நியாயம். ஆனால் அந்தச் சாக்கில் பழைய திட்டத்தையே அழித்துப் புது அட்டவணை போட்டுவிட்டால் குறியீடுகள் எல்லாம் ஒன்றுக்குத் திரும்பிவிடும். இருந்த தாமதம் அரசாங்கத்தின் கணக்கில் போய்விடும். திட்டத்தைத் திருத்துவதற்கும் தடயத்தை அழிப்பதற்கும் நடுவே மெல்லிய கோடுதான்.

மூன்றாவது, மேலே செல்லும் வழியில் எண் மெலிவது. இதற்குச் சாட்சி இந்த முறை பிறந்த ஊரிலேயே இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் ஏ-12 போர் விமானத் திட்டத்தில் ஈட்டிய மதிப்புக் கணக்கு ஒழுங்காகவே நடந்தது. செலவு மீறப் போகிறது என்பதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஆனால் பல மதிப்பீடுகளில் மென்மையானதே மேலே போயிற்று. திட்டம் சரியாகப் போகிறது என்று 1990 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் சொன்ன பாதுகாப்பு அமைச்சர் டிக் செய்னிக்குச் சில வாரங்களில் நேர்மாறான செய்தி வந்தது. 1991 ஜனவரியில் திட்டத்தையே ரத்து செய்தார். ரத்தை எதிர்த்து ஒப்பந்தக்காரர்கள் போட்ட வழக்கு 2014 வரை இழுத்தது. கணக்கு அங்கே தோற்கவில்லை. கெட்ட செய்தியை மேலே கொண்டுபோகத் துணிவில்லாத அமைப்பு தோற்றது. மேலதிகாரி முகம் பார்த்துப் பேசும் பழக்கம் ஊறிய நம் அலுவலகங்களுக்கு இந்தப் பாடம் இன்னும் நெருக்கமானது.

இவை தவிர முறைக்குள்ளேயே ஒரு கணிதக் குறை உண்டு. திட்டம் எவ்வளவு தாமதமாக முடிந்தாலும், முடிந்த அன்று ஈட்டியதும் திட்டமிட்டதும் சமமாகிவிடும். காலக் குறியீடு ஒன்றைக் காட்டும். ஓராண்டு தாமதமான திட்டமும் தாளில் சரியான நேரத்தில் முடிந்ததாகத் தெரியும். திட்ட மேலாண்மை வல்லுநர் வால்ட் லிப்கே 2003-ல் இதைச் சுட்டிக்காட்டி, ரூபாய்க்குப் பதில் மாதக் கணக்கில் அளக்கும் திருத்தத்தைக் கொடுத்தார். இன்னொன்று: பத்தில் எட்டுப் பகுதி முடிந்தும், மற்ற எல்லாமே காத்திருக்கும் வென்டர் பட்டியல் முடியாவிட்டால் கோ-லைவ் கிடையாது. ரூபாய்க் கணக்குக்கு எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பது தெரியாது.

வேறு வழி உண்டா?

மத்திய அரசின் இணையக் கொள்முதல் சந்தையான ஜெம் 2016 ஆகஸ்டில் தொடங்கியது. பிறகு அதன் தளத்தைக் கட்டி நடத்தும் பொறுப்பை ஏற்ற கூட்டமைப்பில் சென்னையின் இன்டலெக்ட் டிசைன் அரீனாவும் இருந்தது. அங்கே நடத்துபவரின் வருமானம் நடந்த பரிவர்த்தனையோடு கட்டப்பட்டிருந்தது. யாராவது வாங்கினால்தான் காசு. திரை எத்தனை சதவீதம் தயார் என்ற பேச்சுக்கே இடமில்லை. பயன்பாட்டையே அளவுகோலாக்கும் இந்த வழி கவர்ச்சியானது. ஆனால் நாடு முழுவதும் வாங்கும் சந்தைக்கு அது சரிப்படும். மாதம் சில நூறு ஆர்டர் போடும் ஒரு கம்பெனியை நம்பி எந்த மென்பொருள் நிறுவனமும் அப்படி இறங்காது.

அந்த யோசனையின் சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதன் ஒதுக்கீட்டுக்குள் கிடங்கிலிருந்து மருந்து எடுக்கும் முறையை வைத்தது. அங்கே கணக்கு ஏறுவது மருந்து கைமாறும்போது. கொள்முதல் மென்பொருளிலும் பகுதிகளை அப்படிப் பிரிக்கலாம். 'திரை', 'அறிக்கை', 'இணைப்பு' என்று எஞ்சினியர் மொழியில் பிரிக்காமல், ஒரு கிளையின் ஒரு வகைச் சரக்கு இண்டென்ட்டிலிருந்து பணம் கொடுப்பது வரை உண்மையான தரவோடு ஒரு முறை ஓடி முடிந்தால் அது ஒரு அலகு என்று வைத்துக்கொள்ளலாம். அலகைச் சின்னதாக வைத்தால், முடிந்தால் மதிப்பு, இல்லையேல் பூஜ்யம் என்ற கடுமையான விதியும் அநியாயமாகாது. பெரிய பகுதிக்குப் பூஜ்யம் போடுவதுதான் படத்தைத் தேவைக்கு மேல் கறுப்பாக்குகிறது.

தீர்ப்பு

ஈட்டிய மதிப்பு நல்ல எச்சரிக்கை மணி. நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கத் தகுந்ததல்ல. குறியீட்டை வைத்து மேலாளருக்கு ஊக்கத்தொகையோ தண்டனையோ முடிவு செய்யத் தொடங்கினால், அடுத்த மாதத்திலிருந்து எண் அழகாக வரும், மென்பொருள் வராது. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டும் விரலாக மட்டும் அதை வைத்துக்கொண்டால், இதைவிட மலிவான கருவி வேறில்லை. ஒரு எக்செல் தாள் போதும்.

சிக்கலில் இருக்கும் கொள்முதல் மென்பொருள் திட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் நான்கு காரியம் செய்யலாம். அலகுகளைச் சின்னதாக வெட்டி, பாதி மதிப்பு கொடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். உங்கள் ஊழியர்களின் நாட்களையும் செலவுக் கட்டத்தில் ஏற்றுங்கள். புது அட்டவணை போட்டாலும் பழைய அட்டவணையை அறிக்கையில் பக்கத்திலேயே வையுங்கள். கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமாக, 'முடிந்தது' என்று கையெழுத்துப் போடும் உரிமையை மென்பொருள் நிறுவனத்துக்கும் கொடுக்காதீர்கள், உங்கள் புராஜெக்ட் மேனேஜருக்கும் கொடுக்காதீர்கள். நாளைக் காலையில் அந்த மென்பொருளில் ஜி.ஆர்.என். போட வேண்டிய ஸ்டோர்ஸ்காரரிடம் கொடுங்கள். அவர் கையெழுத்துப் போடாத வேலைக்கு மதிப்புப் பூஜ்யம்.